மணிக்கூட்டுக்காரர்களும் ஈரப் புத்தகங்களும்

1. சுவிட்சர்லாந்தின் பீல் நகரச் சிவில் பாதுகாப்புப் பயிற்சி முற்றத்தில், கழித்துவிட்ட பழைய புத்தகங்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
2. சிவில் பாதுகாப்புத் தலைவர் விசில் ஊதினார். அருங்காட்சியக நிலவறைக்குள் வெள்ளம் வந்துவிட்டதாகப் பாவனை.
3. என் குழு ஓடிவந்து எல்லாவற்றையும் தூக்கி மேசையில் வைத்தது. நல்ல வேகம்.
4. பிறகு ஆளுக்கொரு புத்தகத்தை விரித்துத் துடைக்கத் தொடங்கினார்கள். தாள்கள் கையோடு கிழிந்து வந்தன.

எண்பதுகளின் பிற்பகுதி அது. அந்த அருங்காட்சியகத்தில் காகிதம் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. நனைந்த புத்தகத்தை மூடியபடியே சுற்றி, உறையவைத்து, பிறகு ஆறுதலாகக் காயவைக்க வேண்டும். இதை வகுப்பில் படம் வரைந்தே சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள்.

"பின்னேரமும் இப்படியென்றால் குழுவைக் கலைத்துவிடுவேன். ஆட்கள் தீயணைப்புக்குப் போகட்டும்" என்றார் தலைவர்.

நிலவறை கால்வாயை ஒட்டி இருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கும் புத்தகங்களைத் தூக்க இந்தக் குழுவை விட்டால் ஆளில்லை.

மத்தியானம் பயிற்சிநிலையச் சமையலறைக்குப் போனேன். புத்தகங்களை உறையவைக்க அங்கேதான் குளிரறையில் இடம் கேட்டிருந்தேன். சமையல் வேலை செய்த அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர்.

"தங்கச்சி, கோழி வைக்கிற இடத்தில புத்தகமோ?"

"ஓம் அண்ணை. இதையும் வெளியில விட்டா பழுதாப்போகும்."

"உன்ர ஆக்கள் காலமை எல்லாத்தையும் பிச்சுப் போட்டாங்களாமே?"

"எல்லாரும் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரர் அண்ணை. மணிக்கூட்டுக்க தண்ணி போனா உடனே திறந்து துடைக்கிறதுதானே அவையின்ர வேலை. கை தன்ரபாட்டில திறக்குது."

"அப்ப கையைக் கட்டிவிடு!" என்று சிரித்தார்.

கட்டத் தேவையில்லை, நிரப்பினால் போதும் என்று எனக்குப் பட்டது. தொழிற்சாலையில் மணிக்கூடு பழுதுபார்க்கும் மேசையில் இருந்தவர்கள் எல்லோரையும் பெட்டி சுமக்க விட்டேன். இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்கலாம், அவ்வளவு பாரம். அங்கேயே பொதிசெய்யும் பகுதியில் வேலை செய்தவர்களைச் சுற்றிக் கட்டும் மேசையில் நிறுத்தினேன். வந்த சாமானைத் திறக்காமல் அனுப்புவதுதான் அவர்களுடைய தொழில். வேறெந்த விளக்கமும் கொடுக்கவில்லை.

பின்னேரம் விசில் ஊதியதும் பெட்டிகள் வரிசையாக நகர்ந்தன. ஒரு புத்தகமும் விரியவில்லை. கடைசிப் பெட்டி குளிரறை வாசலுக்கு வந்தபோது தலைவர் குனிந்து, மேலே இருந்த புத்தகத்தின் அட்டையைத் தூக்கப் போனார்.

"கையை எடுங்கள்!" என்று கத்தினார் பெட்டியைச் சுமந்து வந்தவர். காலையில் முதலில் தாளைக் கிழித்த அதே மனிதர். "அதைத் திறக்கக் கூடாது. உங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லையா?"

தலைவர் கையை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. என் பக்கம் திரும்பி, "இதே ஆட்களையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

குழு கலைக்கப்படவில்லை. பயிற்சிப் பொறுப்பையும் தலைவர் என்னிடமே விட்டார். உண்மையிலேயே வெள்ளம் வந்தால் நிலவறையில் எதை முதலில் தூக்குவது என்பது மட்டும் அப்போதும் முடிவாகவில்லை.