எகிப்தும் ருவாண்டாவும் மதினியும்

மதினியின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த சார்ட் தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. வேலை செய்கிற, வேலை தேடுகிற பெண்களின் எண்ணிக்கை அது. எகிப்துக்கு நீலம், ருவாண்டாவுக்குச் சிவப்பு. முப்பது ஆண்டுக் கணக்கு. நீலம் உயரத்தில் போக, சிவப்பு அடியில் கிடந்தது. ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "இங்கதான் அந்த இனப்படுகொலை நடந்துச்சு" என்று மதினி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக் காட்டினாள். விரலை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

என்னைப் பெற்ற அத்தாவுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மொத்த வியாபாரம். நான் பி.ஏ. பொருளாதாரம் முடித்து, மேலே படிக்கக் கேட்டபோது "படிச்சது போதும், வீட்டுக்கு வா" என்றார். வீடு என்பது கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கு. காலையிலிருந்து பிற்பகல் அஸர் பாங்கு ஒலிக்கும் வரை, வேலைக்கு வரும் பெண்களோடு உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பேன். மூன்று வருடம் கழித்து அண்ணனுக்குப் பாலக்காட்டில் பெண் எடுத்தார்கள், அவள்தான் மதினி. எம்.ஏ. முடிக்க விடவேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டதும் அத்தா தலையாட்டினார். நான் எவ்வளவோ கேட்டும் கிடைக்காத சம்மதம் அவளுக்கு ஒரே பேச்சில் கிடைத்தது.

தினமும் அவள் பையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போவதைத் தூசி படிந்த கையோடு பார்த்து நிற்பேன். கடைக்கு வருகிற மலையாளிச் சேட்டன்மாரிடமெல்லாம் "எங்க மருமக ஆப்பிரிக்காவைப் பத்தி எழுதறா" என்பார் அத்தா. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா."

கல்லூரிக் கருத்தரங்குக்கான அந்தக் கட்டுரையை மதினி முதலில் என்னிடம்தான் காட்டினாள். எகிப்துப் பெண்கள் வெகுதூரம் முந்திவிட்டார்கள் என்று முடித்திருந்தாள். படித்ததுமே தப்பு தெரிந்தது. எகிப்து பெரிய நாடு, ருவாண்டா கையளவு. ஆட்கள் அதிகமிருக்கும் இடத்தில் வேலைக்கு வருகிறவர்களும் அதிகமிருப்பார்கள். பெண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்றல்லவா பார்க்கவேண்டும்?

"எப்படி இருக்கு, புள்ள?"

"நல்லா இருக்கு, மதினி."

கருத்தரங்குக்கு நானும் போயிருந்தேன். அவள் வாசித்து முடித்ததும் பேராசிரியர் ஒருவர் மலையாளத்தில் கேட்டார்: எகிப்தில் வேலைக்கு வரும் பெண்கள் அதிகமா, பெண்களே அதிகமா? மதினி தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். பின்வரிசையில் சிரித்தார்கள். என் வயிறு குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? திரும்பும் படகில் அவள் கேட்டாள்: "நீயும் இதைப் படிச்சவதானே, உனக்குமா தோணல?"

"தோணல" என்றேன்.

ஒரு மாதம் உட்கார்ந்து, நூற்றுக்கு எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் மறுபடி போட்டாள். புதிய தாளில் சிவப்பு மேலே போயிருந்தது. அன்று மதியம் சோறு பரிமாறும்போது அத்தாவிடம் சொன்னாள்: "மாமா, சொந்தக் கடைக்குச் சம்பளமில்லாம உழைச்சாலும் அது வேலைதான்னு இந்தக் கணக்குல வெச்சிருக்காங்க. இவ சும்மா இருக்கான்னு இனி சொல்லாதீங்க." அத்தா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அப்படிச் சொன்னதுமில்லை.

எனக்காக அந்த வீட்டில் முதலில் பேசியவள், நான் கவிழ்த்துவிட்டவள். அப்போதும் எனக்கு நன்றி வரவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியதையும் இவளே கேட்டுவிட்டாளே என்றுதான் பொருமினேன்.

இன்று மதினி தேவராவில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அத்தா படுத்துவிட்டதால் கடை என் கையில். போன மாதம் கடைக்கு வந்தவளிடம் சாயா கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு எனக்குத் தெரிந்தே இருந்தது என்றும், படகில் சொன்னது பொய் என்றும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் லேசாகியிருப்பேன்.

அவள் சாயாவைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா கட்டுரையில ரெண்டு பேர் பேரையும் போட்டிருப்பேனே, புள்ள" என்றாள்.

அப்படிச் சொல்ல அவளால் முடிகிறதே என்று, இந்த வயதிலும், எனக்குப் பொறாமையாக இருந்தது.