புளி போட்டு மினுக்கிய வெள்ளிக்காசுகள்

மாமா சேர்த்த காசுகள் எல்லாம் கறுப்பாகவே இருந்தன. அம்மாவின் தம்பியான அவர், கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கமான செயின்ட்-மிஷேலில் எங்களோடுதான் இருந்தார். டெப்பனர் என்கிற தெருமுனைக் கடையொன்றில் கல்லாவில் வேலை. கனடாக் காசுகளோடு கலந்து வரும் அமெரிக்கக் குவாட்டர்களின், அதாவது கால் டொலர் காசுகளின், விளிம்பைப் பார்ப்பார். செம்புக்கோடு தெரியாவிட்டால் அது பழைய வெள்ளி. தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். பல வருடம் சேர்த்தும் ஒரு பிஸ்கட் தகரப்பேணியில் பாதிதான் நிரம்பியது.

பழங்காசு விற்கும் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளி டொலர் இருந்தது. மாமாவுக்கு அதன்மேல் ஒரே கண். குவாட்டர்கள் நல்லதாக இருந்தால் அவற்றுக்கு டொலரை மாற்றித் தருவதாகக் கடைக்காரரும் சொல்லியிருந்தார். சனிக்கிழமை போக ஏற்பாடு. மாமாவின் பிரெஞ்சு கல்லாவைத் தாண்டாது என்பதால் நானும் கூடப் போகவேண்டும்.

அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, நவராத்திரியில் லட்சுமிக்குரிய நாள். கும்பத்தடியில் வைக்கவென்று அம்மா பேணியைத் திறந்திருக்கிறார். மாமா வேலையால் வந்தபோது காசுகள் தாம்பாளத்தில் மின்னின. புளியும் திருநீறும் போட்டு, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தேய்த்திருந்தார்.

“லட்சுமிக்கு முன்னால கறுத்த காசு வைக்கலாமோ? இப்பதான் தம்பி அது காசு மாதிரி இருக்கு.”

“ஓமக்கா, நல்ல மினுக்கம்,” என்றார் மாமா. அவருக்கும் சந்தோஷம்தான்.

சனிக்கிழமை கடைக்காரர் ஒரு காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். தட்டைத் தள்ளிவிட்டார்.

“என்னவாம்?”

“ஆர் தேய்ச்சது எண்டு கேக்கிறார், மாமா. கறுப்பு அப்பிடியே இருக்கவேணுமாம். தேய்ச்சதால மதிப்புப் போச்சுதாம், இனி உருக்கத்தான் சரியாம். டொலர் தரமாட்டாராம்.”

“திருப்பிக் கேள்.”

கேட்டேன். அதே பதில். கண்ணாடிக்குள் இருந்த டொலரும் கறுப்புத்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டார்: “எங்க டொலர்?”

“அது வித்துப்போச்சுதாம் அக்கா. ஆனா உங்கட மினுக்கலைப் பாத்து அந்தாள் வாயைப் பிளந்திட்டான். ஆர் செய்ததெண்டு ரெண்டு தரம் கேட்டான்.”

“அவங்களுக்குப் புளியைப் பற்றி என்ன தெரியும்!” அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கோ வெட்கம். வகுப்பில் பிரெஞ்சில் முதலாவதாக வருபவன் நான். “இல்லையம்மா, அவர் சொன்னது...” என்று தொடங்கினேன். மாமா பிரசாத அவலில் ஒரு பிடி அள்ளி என் வாயில் திணித்தார். அதை மென்று விழுங்கும் வரைக்கும், அவருக்குப் பிரெஞ்சுதான் விளங்கவில்லை, நான் சொன்ன தமிழுமா விளங்கவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.