குளிர் எரிந்த கை

என் அத்தையின் கையை நான் வேண்டுமென்றே சுட்டேன். கைதவறிப் பட்டதல்ல, எவ்வளவு சூடு என்று தெரிந்தே வைத்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒரு சமாதானமாகச் சொல்ல விரும்பவில்லை. அந்த வயதிலும் சூடு சூடுதான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் சரிவில் நின்று காய் பறிக்கும்போது கால் வழுக்கியது. அகப்பட்ட மரக்கிளையை வலது கையால் எட்டிப் பிடித்து அதிலேயே தொங்கிவிட்டாள். கிளை முறியவில்லை. எலும்பும் முறியவில்லை. தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. கொஞ்சம் ரத்தம் வந்திருந்தால் அவள் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கட்டுப் போடுகிறவர் தோளிலிருந்து விரல்வரை அமுக்கிப் பார்த்துவிட்டு எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அத்தையைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினோம்.

அவள் சொன்னவையும் நம்பும்படியாக இல்லை. தண்ணீர்த் தொட்டியில் கை பட்டால் எரிகிறது என்றாள்.

"குளிரு எரியுதாம்! அப்ப அடுப்பு குளுருமோ?" என்று அப்பா சிரித்தார்.

"நெசமாத்தேண்ணே. மலையில காத்து பட்டாலே மொளகா அரச்சுத் தேச்ச மாதிரி இருக்கு. இந்தக் கையோட நான் எப்படி அங்கன போவேன்?"

"அங்கன போகக்கூடாதுன்னுதேன் அது எரியுது," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

நான் துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு குற்றவாளி வீட்டுக்கே வந்து சேர்ந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. யாரும் இல்லாதபோது கையை மறந்து வீசுகிறாளா என்று கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தூங்கும்போதும் அந்தக் கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். தூக்கத்திலும் நடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் "அத்தை" என்று கூப்பிட்டு, திரும்பிய நொடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்தேன். வலது கை பாதிவரை எழும்பித் தொய்ந்தது. பழம் நெஞ்சில் பட்டு உருண்டது.

"ஏன் மருமகனே, ஒனக்கும் அத்தைய ஆகலையா?" என்றாள்.

பழத்தைப் பிடித்திருந்தால் பொய்க்காரி என்று சொல்லியிருப்பேன். பிடிக்காததால் கெட்டிக்காரப் பொய்க்காரி என்று முடிவு செய்தேன்.

சந்தேகப்பட்டாலும் அம்மா வைத்தியத்தை விடவில்லை. கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து தினமும் ஒத்தடம் கொடுப்பாள். முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பாள். தான் தாங்குகிற சூட்டுக்கு ஆறிய பிறகே அத்தையின் தோளுக்குக் கொண்டுபோவாள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அதுதான் முறை. தன் தோல் தாங்குவதை அடுத்தவர் தோலும் தாங்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

பறிப்பு மும்முரமாக இருந்தபோது மாமா வந்தார், அத்தையைக் கூட்டிப்போக.

"தோட்டத்துல ஆளு பத்தல மச்சான். கங்காணி எம்மேல எரிஞ்சு விழுறாரு. அங்கன கொஞ்சங் கொஞ்சமா கையி சரியாயிரும்."

அப்பாவுக்கு மனம் ஒருநிலையில் இல்லை. தங்கைதானே. "நெசமா வலின்னா இங்கனயே இருக்கட்டும் மாப்ள, எத்தன மாசமானாலும் நான் பாத்துக்கிறேன். நடிப்புன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க," என்றார்.

மாப்பிள்ளைக்கு விருந்து சமைக்கிற அவசரத்தில் அம்மா உப்பு முடிச்சை என்னிடம் கொடுத்து, ஆறவிட்டுக் கொண்டுபோகச் சொன்னாள். முறைப்படி என் புறங்கையில் வைத்தேன். சுரீரென்றது, கையை இழுத்துக்கொண்டேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அத்தை கொல்லையில் மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் ஓரமாக முடிச்சை வைத்து அழுத்தினேன். அலறுவாள், அந்தக் கை வெடுக்கென்று வேலை செய்யும், குட்டு உடைந்துவிடும் என்பது என் திட்டம். அவள் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி முடிச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. நான்தான் பயந்துபோய் எடுத்தேன். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"போ மருமகனே. போயி ஒங்கப்பாட்ட சொல்லு."

மாட்டிக்கொண்டவளின் திமிர் என்று நினைத்தேன். கூடத்துக்கு ஓடினேன்.

"அப்பா, அத்தைக்கு வலியே இல்ல! கொதிக்கக் கொதிக்க வச்சேன், கைய எடுக்கவே இல்ல!"

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "பச்சத்தண்ணி எரியுமாம், நெருப்பு தெரியாதாமா!"

அத்தை பின்னாலேயே வந்து கையை அப்பாவின் முன்னால் நீட்டினாள். விரலோரம் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"சுட்டதே தெரியாத கையிக்கு வலி மட்டும் எப்படித்தா தெரியும்?"

பொழுது சாய்வதற்குள் அத்தை மாமாவோடு பஸ் ஏறிவிட்டாள். கொப்புளத்தின்மேல் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தாள்.

பிற்பாடு நான் விலங்கியல் படித்து ஆசிரியரானேன். தோலின் அடுக்குகளைக் கரும்பலகையில் வரைந்து, சூட்டுக்கும் குளிருக்கும் நோவுக்கும் அதில் தனித்தனி நரம்பு முனைகள் இருப்பதை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். அப்பாவின் கேள்விக்குப் பதில் ஒரு மருத்துவப் புத்தகத்தில் கிடைத்தது. இழுபட்டுச் சிதைந்த நரம்பு வெளியிலிருந்து வரும் சூட்டை மூளைக்குக் கொண்டுபோகாமல் போகலாம். அதே நரம்பு, யாரும் தொடாமலே வலி வலி என்று கத்திக்கொண்டிருக்கலாம். இலேசான குளிரைக்கூட எரிச்சல் என்று மாற்றிச் சொல்லலாம். அத்தை ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் பல வருடம் நான் மலையேறவில்லை. அப்பாவும் மாமாவும் காலமாகி, நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன்.

தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்தில், ஓர் அறையில் தனியாக இருந்தாள். வலது கை சதை வற்றி, விரல்கள் மடங்கிக் கிடந்தன. இடது கையால் எனக்குப் பால் விடாத கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"அத்தை, அன்னைக்கு நான் வேணும்னேதேன் சுட்டேன்."

"தெரியும்ல."

"சூடுதேன் தெரியலையே ஒங்களுக்கு."

"சூடு தெரியல. கண்ணு தெரிஞ்சுச்சுல்ல. திரும்பிப் பாத்தேன், தோலு செவந்துக்கிட்டு வருது."

"பெறகு ஏன் கைய எடுக்கல?"

அவள் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொப்புளம் வந்தா நம்புவாகன்னு இருந்தேன். இத்தன நாளா நான் ஒருத்திதேன் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப நீயும் பாத்துட்ட. எனக்குச் சாட்சி கெடச்சிருச்சுன்னு நெனச்சேன் மருமகனே."

மதுரையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலம் கடந்துவிட்டது, வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம் என்றார். மாத்திரை சாப்பிடுகிறாள். மலையில் குளிர் ஏறும் மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறேன். மறுக்காமல் வருகிறாள்.

சாயங்காலம் நானே உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கிறேன். உணர்ச்சி இருக்கிற தோள்பட்டையில் மட்டும். முழங்கைக்குக் கீழே கொண்டுபோவதில்லை. முதலில் என் புறங்கையில் அவள் பார்க்கும்படி வைத்துக் காட்டுவேன். "சரியா இருக்கு அத்தை" என்பேன்.

அவள் தலையாட்டுவாள். பிறகு இடது கையை நீட்டி முடிச்சை வாங்கி, தன் கன்னத்தில் வைத்து, சூடு சரிதான் என்று கன்னம் சொல்கிறவரை காத்திருப்பாள். அதற்கப்புறம்தான் தோளைத் திருப்புவாள்.