பெரியம்மா பெயிண்ட் அடிக்காத கதவு

என் பெரியம்மாவுக்குக் கார் சீட் தைக்கிற தொழில். மெக்கானிக் ஷெட்டுகள் நெருக்கியடிக்கிற தெருவில் ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே நுழைந்தாலே ரெக்ஸினும் பசையும் மூக்கில் ஏறும். வாசலில் அவளுடைய பழைய வெளிர்பச்சைக் கார் நிற்கும். கம்பெனியில் அடித்த பெயிண்ட்தான் இன்னும் அதன்மேல் இருக்கிறது. கூரையில் வெளுத்து, பானெட்டில் பொருக்கு விட்டிருக்கும். டிரைவர் பக்கக் கதவில் ஆணியால் கீறிய ஒரு சொல்: திருடி.

கீறியவர் பெரியம்மாவின் கொழுந்தனார், பெரியப்பாவின் தம்பி. அது அவர்கள் அப்பா வாங்கிய கார். கட்டிக் காப்பாற்றியது பெரியப்பா. படுக்கையில் விழுந்ததும் பெரியம்மா பேருக்கு மாற்றிவிட்டார். அவர் போன மறுவாரம், சாகக் கிடந்தவனை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டாள் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, கொழுந்தனார் ஆணியைக் கையில் எடுத்தார்.

பக்கத்து ஷெட் பெயிண்டர் தானாகவே வந்து, ஒரே நாளில் மறைத்துத் தருகிறேன் என்றாராம். பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாள் அதே காரில் கடைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கு, பேங்க்குக்கு, விசேஷ வீடுகளுக்கு, எல்லாம் அதே கார். பார்க்கிறவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்புறம் வாய் சும்மா இருக்காது, யார் செய்தது என்பார்கள்.

"எங்க கொழுந்தனார்தான். கையெழுத்து நல்லாருக்கு, இல்ல?" என்பாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

சில வருஷத்தில் அந்தச் சொல் ஆள் மாறிவிட்டது. படித்தவர்கள் அவளை நினைப்பதை விட்டு அவரை நினைத்தார்கள். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு கொஞ்சம் தடுக்கி விழும்.

அதை அவள் பராமரித்த விதம்தான் எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து முடித்ததும், காது குடைகிற பஞ்சுக்குச்சியை எண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு கீறலுக்குள்ளும் ஓட்டுவாள். கைக்குழந்தைக்கு நகம் வெட்டுகிற கவனம். ஏன் என்று கேட்டேன்.

"துரு ஏறிச்சுன்னா எழுத்து மங்கிடும்டா."

கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா பழைய கார் பைத்தியம். பெண் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்ததும், ஜோடி அதில்தான் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். கொழுந்தனார் பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை. முழுக் காருக்கும் என் செலவில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், சம்பந்தி பார்ப்பதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். பெரியம்மா மிஷினை நிறுத்தவேயில்லை. மேலே பெயிண்ட் ஏறினால் பழைய காருக்கு மரியாதையே போய்விடும், வேண்டுமானால் அந்தச் சம்பந்தியையே கேட்போம் என்றாள்.

சம்பந்தி வந்தார். குனிந்தார், விரல் முட்டியால் தட்டினார், பொருக்கைக்கூடத் தடவிப் பார்த்தார். "இதுல மட்டும் கை வெச்சிடாதீங்கம்மா. புதுப் பெயிண்ட் எப்ப வேணா அடிக்கலாம். இது போனா போனதுதான்."

அப்படியே சுற்றி வந்தவர் அந்தக் கதவருகே நின்றுவிட்டார். யார் வேலை இது என்றார்.

கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறவள், அன்றைக்கு மட்டும் பதிலை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தாள். கொழுந்தனார் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க தம்பி" என்றாள்.

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான்தான். ஏதோ கோவத்துல."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த விஷயமானாலும் அவர் பெரியம்மாவிடம்தான் கேட்டார்.

காரைக் கொடுக்க அவள் ஒரே நிபந்தனை போட்டாள். முரட்டு கியர், வெளியாள் கைக்கு மடங்காது, அதனால் பெண்ணின் அப்பாவே ஓட்டவேண்டும்.

முன்சீட்டில் பெரியம்மா. பின்னால் ஜோடியின் பக்கத்தில் ஓரமாக நான். கொழுந்தனார் கண்ணாடியை இறக்கி, ஒரு கையை வெளியே தொங்கவிட்டு, உள்ளங்கையை அகல விரித்துக் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். நல்ல வெயில். தகரம் கொதித்திருக்கும். கியர் மாற்றுகிற நேரம் மட்டும் அந்தக் கை ஸ்டியரிங்குக்கு வரும்; மாற்றியதும் கதவுக்கு ஓடும்.

பெரியம்மா கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கையை உள்ள எடுத்துக்குங்க தம்பி," என்றாள், ரொம்ப அக்கறையாக. "எதிர்ல லாரி வருது."

எடுத்துக்கொண்டார்.