சப்வூஃபருக்கு ஓர் இடம்

வேங்கிக்காலில் புது வீடு கட்டி முடித்ததும் எழிலரசி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று: நல்ல சப்வூஃபர், அதாவது பாட்டின் கீழ்ச் சுரங்களுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி. அரசு ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஹெட்போனும் பாட்டும்தான். எந்தப் பாட்டிலும் அவள் காது தேடிப்போவது பேஸ் கிட்டாரை. பாடுபவரின் குரலுக்கு அடியில் அது தன்போக்கில் இன்னொரு பாட்டாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு ஸ்பீக்கரில் மட்டும் அது காணாமல் போய்விடும்.

சனிக்கிழமை கணவன் பரசுராமனோடு டவுனில் ராஜமாணிக்கத்தின் ஆடியோ கடைக்குப் போனாள். கடைக்காரர் பரசுராமனைப் பார்த்தே பேசினார். இருப்பதிலேயே பெரிய பெட்டியில் ஒரு சண்டைப் படத்தை ஓடவிட்டார். குண்டு வெடித்ததில் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"எப்டி சார்? நெஞ்சுலயே இடிக்குதுல்ல?"

பரசுராமன் சொக்கிப்போய் நின்றான். எழிலரசி தன் போனை நீட்டினாள். "குண்டு போதுங்க. இந்தப் பாட்டைப் போடுங்க."

பாட்டு வந்தது. கிட்டார் எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் பெட்டி ஒரே மாதிரி 'தும் தும்' என்றது.

"சத்தம்தான் ஜாஸ்தி. சுரம் பிரிஞ்சு கேக்கலை. வேற காட்டுங்க."

"இதைத்தான் மேடம் எல்லாரும் வாங்கினு போறாங்க."

"வாங்கட்டும். எனக்கு வேற காட்டுங்க."

அதே பாட்டை ஒவ்வொரு பெட்டியிலும் போடச் சொன்னாள். ராஜமாணிக்கம் அலுத்துப்போய், கடைசியில் உள்ளேயிருந்து அடக்கமான ஒன்றைத் தூக்கிவந்தார். எங்கும் துளையில்லாத, கனமான மூடிய பெட்டி. விலை முதலில் பார்த்ததைவிடக் கூடுதல். பாட்டு தொடங்கியது. கிட்டார் படிப்படியாக இறங்கிவந்தது, ஒவ்வொரு படியும் தனித்தனியாக.

"இதுக்கு பில் போடுங்க" என்றாள்.

ஆனால் வீட்டில் டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்ததும் அதே பெட்டி கடையின் பெரிய பெட்டியைப் போலவே முழங்கியது. அவள் பாட்டை நிறுத்தினாள்.

"திருப்பிக் குடுத்துடலாமா?" என்றான் பரசுராமன்.

"பெட்டி மேல தப்பில்லைங்க. வெச்ச இடம்தான் தப்பு."

இரண்டு நாள் இணையத்தில் தேடிப் படித்தாள். பிறகு பெட்டியைத் தான் உட்காரும் சோபாவின் மேல் ஏற்றிவைத்து, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக மண்டியிட்டுத் தவழ்ந்தாள். எந்த இடத்தில் பேஸ் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டுமாம்.

மாமியார் சந்திரம்மாள் வந்து பார்த்துவிட்டுப் பதறினாள். "இன்னாம்மா, தோடு கீடு வுழுந்துடுச்சா?"

"இல்லை அத்தை, சத்தத்தைத் தேடறேன்."

இடம் கிடைத்தது. அங்கே பரசுராமனின் கபடிக் கோப்பைகள் அடுக்கிய அலமாரி நின்றிருந்தது.

"அதை மட்டும் தொடாதே எழிலு. வர்றவங்க கண்ணுல முதல்ல படறதே அதான்."

"சரி, தொடலை. ஒரே ஒரு பாட்டு இந்த எடத்துல கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

வேண்டாவெறுப்பாக அவனும் அலமாரியின் அருகே மண்டியிட்டான். பாதிப் பாட்டில் அவன் விரல் தரையில் தாளம் போட ஆரம்பித்தது.

"இது... பின்னாடி ஓடுதே, இதுதான் நீ சொன்ன கிட்டாரா? இத்தனை வருஷம் இந்தப் பாட்டைக் கேக்கறேன், இது இருக்குறதே தெரியாது."

அவன் எழுந்து அலமாரியைத் திறந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான். எழிலரசி சோபாவிலிருந்து பெட்டியை இறக்கப் போனாள்.