நாத்தனாரின் அழுக்கு

“தின்னுடி, தின்னு. இடுக்கியையும் சேர்த்து முழுங்கு!” என்று திட்டிக்கொண்டே இடுக்கியில் பிடித்த இறாலைக் கண்ணாடித் தொட்டி நீருக்குள் நீட்டுகிறார் பல்செட்காரர். முழங்கை நீள ஆஸ்கர் மீன் பாய்ந்து கவ்வி, இடுக்கியோடு அவர் கையையும் உலுக்குகிறது.

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். நாள் முழுக்க ஊரார் சிரிப்பை அரம் போட்டுத் தேய்ப்பவர். அவருடைய சொந்தச் சிரிப்பைக் கண்டவர் யாரும் இல்லை. தொட்டியின் கண்ணாடியை யாராவது தட்டினால், “உங்க நெத்தியில தட்டட்டுமா?” என்பார். உயிர்மீனைப் போட்டு வேடிக்கை காட்டச் சொன்னால் வாசலைக் காட்டுவார்.

மீனுக்கு ‘நாத்தனார்’ என்று பெயர் வைத்தவள் அவர் மனைவி. தொட்டிக்குக் குடிவந்த வேறெந்த மீனையும் அது வாழவிட்டதில்லை. அவள் கையில் மட்டும் கடிக்காமல் வாங்கித் தின்னும். அவள் இறந்து மூன்று மாதமாகிறது.

துணைக்கென்று வந்து தங்கியிருக்கிறான் அவள் தம்பி. சும்மா இருக்கத் தெரியாதவன். போன வாரம் பல்செட்காரர் பட்டறையிலிருந்து திரும்பியபோது, தொட்டி நீரை வடிகட்டும் ஃபில்டர் பஞ்சு வெள்ளை வெளேரென்று ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

“ஒரே சேறு மாமா. கொதிக்கிற வெந்நில மூணு தடவை அலசினேன்.”

“சேறாடா அது? அதுலதான்டா அவ உசுரே இருந்துச்சு!”

மீனின் கழிவு நஞ்சாகாமல் காப்பவை அந்தச் சேற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். மனைவி அந்தப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே லேசாக அலசுவாள். குழாய்த்தண்ணீர்கூடப் பட விடமாட்டாள். ஆறு வருடம் வளர்த்தது, ஒரு பானை வெந்நீரில் வெந்து போயிற்று. இனி இரண்டொரு நாளில் மீனுக்கு மூச்சுத் திணறும்.

“சுத்தம் பண்ணினது தப்பா மாமா?”

“உங்கக்கா துணியெல்லாம் என்னைக் கேக்காம மூட்டை கட்டிக் குடுத்தியே, அதுவும் சுத்தம்தான்!”

செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் கிருமிகளைக் கடன் வாங்க வண்ணமீன் கடைக்கு நடந்தார். போன மாதம்தான், “கடையா இது, குப்பைத்தொட்டி!” என்று கத்திவிட்டு வந்த இடம்.

“வாங்க சார். குப்பைத்தொட்டியில என்ன தேடுறீங்க?” என்றார் கடைக்காரர்.

“குப்பைதான். உன் பழைய தொட்டிப் பஞ்சு ஒண்ணு குடு. கழுவாதது.”

“ஐயோ, அழுக்கா இருக்குமே சார்!”

“அழுக்குதான்யா வேணும்! வீட்ல கழுவித் தொலைச்சிட்டாங்க.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. ஒரு தொட்டிக்குள் கையை முழங்கைவரை விட்டுப் பஞ்சை எடுத்தார். அதே தொட்டி நீரில் மூழ்கும்படி பையில் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் மைத்துனன் தொட்டியருகே நின்றிருந்தான். நீர் பளிங்குபோல் இருந்தது. பல்செட்காரர் பழுப்பாகச் சொட்டும் பஞ்சை அதன் மேலே நீட்டினார். தொட்டியைப் பார்க்கவில்லை. மைத்துனனின் முகத்தையே பார்த்தபடி, கடைசிச் சொட்டுவரை பிழிந்தார்.