நெடுந்தீவில் பார்க்க வேண்டிய இடங்கள்

போன கிழமை கனடாவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மகளும் மருமகனும் ஊருக்கு வந்திருக்கிறார்கள், திருகோணமலையில் மலையும் கடலும் பார்த்தாயிற்று, யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறதாம். "தீவுப் பக்கம் என்ன பாக்கலாம்? நீர்தானே அங்கை படிப்பிச்சனீர், சொல்லும்" என்றார்.

எங்கள் பக்கம் மலை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பனையில் ஏறினால்தான் உயரம். மற்றபடி காலை பஸ்ஸில் குறிகட்டுவான் போய் நெடுந்தீவுப் படகைப் பிடிக்கலாம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் முக்கியம். அங்கே பெருக்குமரம், கடலில் எடுத்த முருகைக்கல்லால் அடுக்கிய மதில்கள், ஒல்லாந்தர் கோட்டை, மட்டக்குதிரைகள். திரும்பும்போது மண்கும்பான் கடற்கரையில் கால் நனைக்கலாம். சொல்லிக்கொண்டே போகையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுந்தீவின் இதே இடங்களை இதே வரிசையில் முன்பும் ஒருமுறை காட்டியிருக்கிறேன். அது என் கலியாணத்தைக் காப்பாற்றுவதற்காக.

சண்டை ஓய்ந்து, ஊர் பார்க்கிறவர்கள் மெல்ல வரத் தொடங்கிய காலம். நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வேலணையில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் பெயர் சுகந்தி. சாதகம் பொருந்தியது, பெண்ணுக்கும் சம்மதம். தகப்பனுக்குத்தான் என் வேலையிடம் பிடிக்கவில்லை. ஒருகாலத்தில் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து, அதை விட்டுவிட்டு வந்து வேலணையில் தோட்டம் செய்தவர். "கடலுக்கு அங்காலை பிள்ளையைக் குடுக்கிறதோ?" என்றாராம். கடைசியில், இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தார்.

படகு நெடுந்தீவுத் துறையில் கட்டியபோது, இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் அவரை இறக்கினார்கள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழிமுழுக்கச் சத்தியெடுத்திருக்கிறார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை: "தம்பி, திரும்பிப் போறதும் இதாலைதானோ?"

அயலிலிருந்த சூசை அண்ணையின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் இரண்டு கதிரைகளைப் போட்டு அவர்களை ஏற்றி உட்காரவைத்தேன். முதலில் பெருக்குமரம். ஆள் நுழையக்கூடிய அதன் பொந்தை நானே உள்ளே போய் நின்று காட்டினேன். "நல்ல பெரிய மரம்" என்றார் அவர். "ஆஸ்பத்திரி எங்கை?" கோட்டையைக் காட்டினேன். "காத்து நாளிலை படகு ஓடுமோ?" என்று கேட்டார். குதிரைகள் அன்றைக்கென்று ஒன்றும் கண்ணில் படவில்லை. தூரத்தில் நின்ற ஒன்றைக் காட்டிக் குதிரை என்றேன். அது மாடாகக் கத்திவிட்டது. சூசை அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் லாண்ட்மாஸ்டர் பாதையை விட்டு விலகியது.

மாடு கத்தியபோது சுகந்தி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் குடிக்கிற தண்ணி எங்கை அள்ளுறனீங்கள்?"

இதை யாரும் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சாராப்பிட்டிக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். தானே அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். "எங்கடை கிணத்தை விட நல்ல தண்ணி, அப்பா" என்று வாளியை நீட்டினாள். அவர் முகத்தைக் கழுவிவிட்டுக் குடித்தார். இன்னொரு முறையும் குடித்தார்.

பின்னேரம் காற்று எழும்பியது. படகு போகாது என்றார்கள். சூசை அண்ணை வீட்டிலேயே இருவரும் தங்க வேண்டியதாயிற்று. அவருடைய மனைவி கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பாயும் விரித்துக் கொடுத்தா. மறுநாள் காலை கடல் அடங்கிக் கிடந்தது. இறங்குதுறையில் சுகந்தியின் தகப்பன் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"எனக்கு இஞ்சை இருக்க ஏலும் அப்பா."

"எனக்கு இந்தக் கடலாலை வர ஏலாது."

"நீங்கள் வரவேண்டாம். நாங்கள் வாறம்."

அவர் என்னைப் பார்த்தார். "ஓம் ஐயா, வருவம்" என்றேன். அன்றைய படகில் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனவர், அதன் பிறகு படகில் காலே வைக்கவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு, இடமாற்றம் கிடைக்கும்வரை நெடுந்தீவில்தான் இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் வேலணைக்கு வருவோம். குறிகட்டுவானில் கயிறு கட்டும் தூணுக்குப் பக்கத்தில் மாமா சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். திரும்பும்போது முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கட்டிய பையோடு வந்து வழியனுப்புவார். ஒருநாள் நடுக்கடலில் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. வேறொரு படகு வந்து இழுத்துக் கரை சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவ்வளவு நேரமும் மாமா உட்காரவேயில்லை என்று தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "ஏன் சுணங்கினீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

நண்பருக்குச் சொன்ன இடங்கள் எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன. சூசை அண்ணை குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. குறிகட்டுவானில் பயணிகளுக்காக நிழற்கூரை போட்டிருக்கிறார்கள், குளிர்பானக் கடைகளும் வந்துவிட்டன. மாமா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

போன மாதம் பழைய மாணவன் ஒருவனின் கலியாணத்துக்கு நானும் சுகந்தியும் நெடுந்தீவு போய்த் திரும்பினோம். படகு குறிகட்டுவானை நெருங்கியதும் அவள் எழுந்து கயிறு கட்டும் தூண் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு பையை என் கையில் தந்து, "இறங்குவம்" என்றாள்.